கத்திரிக்கு முன்னால் தாம்பரம் வரை ஒரு சுற்று

"தாம்பரம் பக்கம் வீடு பார்த்திருக்கோம், நல்ல காத்தோட்டம்!" என்று சொல்லிக்கொள்வதில் பட்டணத்து ஜனங்களுக்கு ஒரு காலத்தில் தனிப் பெருமை. 1931ல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓட ஆரம்பித்த பிறகு, ஜார்ஜ் டவுன் சந்துகளின் புழுக்கத்தை விட்டுத் தெற்கே குடி வந்தவர்கள் எத்தனையோ பேர். தோட்டம், கிணறு, வேப்பமரம், வாசலில் கயிற்றுக் கட்டில்... ராத்திரி ஒன்பது மணிக்குப் போர்வை தேடுவார்களாம்!

இன்று அதே தாம்பரத்தில் சித்திரை பிறந்ததும் முதல் விசாரிப்பே, "ஏ.சி. போட்டாச்சா?" என்பதுதான்.

என் நாத்தனார் சேலையூரில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில், கடைசி மாடியில் இருக்கிறாள். என் மாமியார் அவளோடுதான். வயது எண்பது. போன வருஷக் கோடையில் அவர் ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து உட்கார்ந்தால், விடியும் வரை விசிறிக் கொண்டேதான் இருப்பாராம். வழக்கமான ஜன்னல் ஏ.சி. மாட்டலாம் என்றால், வீட்டில் இருப்பவை பக்கவாட்டில் நகர்த்தும் கண்ணாடி ஜன்னல்கள்; வெளியே இரும்புக் கம்பி வேறு. முன்பக்கச் சுவரை உடைக்கக் குடியிருப்புச் சங்கம் சம்மதிக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, "காத்து வர்ற ஜன்னலை அடைச்சுட்டுப் படுக்கச் சொல்றீங்களே, இது என்ன நியாயம்?" என்று மாமியாரே ஆட்சேபம்!

அதனால் இந்த வருஷம் கத்திரி தொடங்குவதற்கு முன்பே, நானும் நாத்தனாருமாகப் பரங்கிமலையிலிருந்து முட்டுக்காடு வரை மூன்று நாள் சுற்றினோம். ஜன்னல் ஏ.சி. தவிர வேறு என்னதான் வழி என்று கேட்டும் பார்த்தும் வந்ததை இங்கே எழுதுகிறேன். உங்களில் யாருக்காவது உதவும்.

இரண்டு காற்றுகளின் ஊர்

மின்சார ரயிலில் பரங்கிமலை தாண்டியதும் வலதும் இடதுமாகப் பாறைக் குன்றுகள். மீனம்பாக்கம், திரிசூலம், பல்லாவரம்... விமான நிலையத்தை ஒட்டிய மீனம்பாக்கத்தில்தான் வானிலை ஆய்வுத் துறையின் நிலையமும் இருக்கிறது. மே மாதச் செய்திகளைக் கவனித்திருப்பீர்கள்: நுங்கம்பாக்கத்தில் இவ்வளவு, மீனம்பாக்கத்தில் இவ்வளவு என்று இரண்டு கணக்கு வரும். பெரும்பாலும் மீனம்பாக்கம்தான் ஒரு படி மேலே நிற்கும். காரணம் எளிது. அது கடலிலிருந்து தள்ளி இருக்கிறது. தாம்பரமோ இன்னும் தள்ளி. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஏறக்குறைய 14 கிலோமீட்டர்.

நம் கோடையை நடத்துபவை இரண்டு காற்றுகள். காலையில் மேற்கே இருந்து வரும் மேல்காற்று உலர்ந்தது, அனலாக வீசும். நிலம் நன்றாகச் சூடான பின், நடுப்பகலை ஒட்டிக் கடற்காற்று கிளம்பும். அது முதலில் கடலோரத்தில் இருப்பவர்களைக் குளிர்வித்துவிட்டு, மெல்ல உள்ளே நகர்ந்து, தாம்பரத்துக்கு வரும்போது பிற்பகல் ஆகிவிடும். மேல்காற்றின் கை ஓங்கிவிட்டால் சில நாள் உள்ளே வராமலே போய்விடும். 2003ம் வருஷம் மே 31ந் தேதி நுங்கம்பாக்கத்திலேயே 45 டிகிரி பதிவானது நினைவிருக்கலாம். அதெல்லாம் கடற்காற்று கைவிட்ட நாட்களின் கதை.

இந்த இரண்டு காற்றுகளைப் புரிந்துகொண்டால், கடையில் விற்கும் எந்தச் சாதனம் நம் வீட்டுக்குச் சரிவரும் என்பது பாதி புரிந்த மாதிரி.

பல்லாவரம் சந்தையில்

நாங்கள் போனது வெள்ளிக்கிழமை. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை பேர்போனது. செடி, கருவாடு, தட்டுமுட்டுச் சாமான், பழைய தையல் மெஷின், கடிகாரம், புறா என்று கிடைக்காத பொருள் இல்லை. 1863ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியல் அறிஞர் கற்கால மனிதனின் கைக்கோடரியைக் கண்டெடுத்ததும் இந்தப் பல்லாவரத்தில்தான். நாத்தனார் சிரித்தாள்: "அண்ணி, அப்பவே இங்க பழைய சாமான் கிடைச்சிருக்கு பாருங்க!"

ஒரு ஓரத்தில் பழைய ஏர் கூலர்கள் வரிசையாக நின்றன. விலையைக் கேட்டால் சபலம் தட்டத்தான் செய்கிறது. கடைக்காரரிடம், "வயசானவங்களுக்கு ராத்திரி போட்டுத் தூங்க நல்லா இருக்குமா?" என்று கேட்டேன். அவர் வியாபாரி, ஆனாலும் நியாயஸ்தர்.

"பகல்ல போடுங்கம்மா, ஜில்லுனு இருக்கும். ராத்திரி போட்டா உடம்பெல்லாம் பிசுபிசுன்னு ஆயிடும். அப்புறம் என்னைத் திட்டக் கூடாது" என்றார்.

அவர் சொன்னதில் இருக்கும் விஷயத்தை நம் வீட்டு மண்பானையை வைத்தே புரிந்துகொள்ளலாம். பானையின் நுண்துளை வழியே கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் தண்ணீரின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக, ஏறக்குறைய முக்கால் யூனிட் மின்சாரத்துக்குக் கொஞ்சம் குறைவான வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். கூலரும் ஒரு பெரிய மண்பானைதான். நனைந்த பட்டை வழியே காற்றை இழுத்து விடுகிறது, காற்று குளிர்கிறது. ஆனால் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் நீர் எங்கே ஆவியாகும்?

கணக்காகச் சொல்கிறேன். வெளியே 40 டிகிரி, காற்றில் ஈரப்பதம் 30 சதவீதம் என்றால், நல்ல கூலர் ஒன்று 29, 30 டிகிரிக் காற்றைத் தரும். பத்து டிகிரி லாபம்! அதே கூலர், ராத்திரி 32 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் இருக்கும்போது மூன்று டிகிரிதான் குறைக்கும். கூடவே அறையில் ஈரத்தையும் ஏற்றிவிடும். வியர்வை உலராது. அதனால்தான் டில்லியிலும் நாகபுரியிலும் கொண்டாடப்படும் கூலர் நம் பக்கத்தில் பகல் விருந்தாளியாக மட்டும் இருக்கிறது.

இதற்கு மானி எதுவும் வேண்டாம். கொடியில் காயும் துணியைப் பாருங்கள். உலர்த்திய புடவை ஒரு மணி நேரத்தில் மொடமொடவென்று காய்ந்தால், அன்று கூலர் வேலை செய்யும். மூன்று மணி நேரமாகியும் ஓரங்கள் நசநசவென்று இருந்தால், கூலரில் தண்ணீர் ஊற்றாமல் வெறும் விசிறியாக ஓட்டுங்கள்.

கூலர் வாங்கித்தான் ஆவது என்றால் நாலு விஷயம். ஒன்று, ஜன்னல் ஓரம் வைத்து, எதிர்ப்பக்கக் கதவைத் திறந்து வையுங்கள். அடைத்த அறையில் கூலர் ஓட்டுவது சமையலறையில் இட்லிப் பானையைத் திறந்து வைத்த மாதிரி. இரண்டு, நம் புறநகர்ப் பகுதிகளில் போர்த் தண்ணீர் பல இடங்களில் கடினம். பட்டையில் வெள்ளை உப்பு படியும், அடிக்கடி கழுவ வேண்டும். மூன்று, தொட்டியில் நிற்கும் நல்ல தண்ணீர்தான் டெங்குக் கொசுவுக்குத் தாய்வீடு. வாரம் ஒரு முறை முழுக்க வடித்து, தேய்த்துக் கழுவிக் காயவிட வேண்டும். பட்டையில் பூஞ்சை வாடை வந்தால் ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. நான்கு, தகர உடம்புள்ள பழைய கூலரில் மின்கசிவு பயம் அதிகம். எர்த் இணைப்புள்ள மூன்று முனை பிளக், வீட்டு மெயினில் கசிவு வந்தால் தானே அணையும் சுவிட்ச், இரண்டும் இல்லாத வீட்டில் கூலர் வேண்டவே வேண்டாம். ஈரக் கையோடு தொட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து.

நாங்கள் கூலர் வாங்கவில்லை. இரண்டு பனையோலை விசிறியும் ஒரு கறிவேப்பிலைக் கன்றும் வாங்கிக்கொண்டு ரயில் ஏறினோம்.

காற்றே மருந்தாக இருந்த இடம்

குரோம்பேட்டை தாண்டினால் தாம்பரம் சானடோரியம். ரயில் நிலையத்துக்கே ஆஸ்பத்திரியின் பெயர்! டாக்டர் டேவிட் சவுரிமுத்து என்பவர் இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில் காசநோய் மருத்துவமனை நடத்தியவர். கணித மேதை ராமானுஜம் அங்கே உடல்நலம் குன்றியிருந்தபோது இவருடைய சிகிச்சையில் இருந்திருக்கிறார். அவர் தாயகம் திரும்பி 1928ல் தாம்பரத்தில் இந்த ஆரோக்கிய நிலையத்தைத் தொடங்கினார். 1937ல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. பக்கத்திலேயே தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் 2005 முதல் நடக்கிறது.

காசநோய்க்குச் சரியான மாத்திரையோ ஊசியோ இல்லாத காலம் அது. ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து 1943ல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அதுவரை சுத்தமான காற்று, ஓய்வு, நல்ல சாப்பாடு இவைதான் வைத்தியம். அப்படிப்பட்ட வைத்தியத்துக்கு இந்தத் தாம்பரத்தைத் தேடி வந்தார்கள் என்றால், இந்த மண்ணின் காற்று எப்படி இருந்திருக்க வேண்டும்!

அந்தக் காலத்து ஆரோக்கிய நிலையங்களைக் கட்டியவர்கள் கையாண்ட வழி நம் வீட்டுக்கும் பொருந்தும். காற்று ஒரு பக்கம் நுழைந்து எதிர்ப்பக்கம் வெளியேற வேண்டும். ஒரே ஜன்னலை எவ்வளவு அகலமாகத் திறந்தாலும் காற்று உள்ளே வராது. அது போக வழி வேண்டும். நம் பக்கத்தில் கடற்காற்று கிழக்கு, தென்கிழக்கிலிருந்து வருகிறது. அந்தத் திசை ஜன்னலைச் சாயந்திரம் திறந்து, மேற்குப் பக்கம் சமையலறையிலோ குளியலறையிலோ இருக்கும் எக்ஸாஸ்ட் ஃபேனை ஓட்டினால், வீட்டின் சூடான காற்று வெளியேறி, வெளிக்காற்று தானாக உள்ளே வரும். பகலில் இதற்கு நேர்மாறு. காலை ஒன்பது மணிக்குள் மேற்கு, தெற்கு ஜன்னல்களை அடைத்து, திரையை இழுத்துவிட வேண்டும். வெளியே உள்ளதைவிட வீட்டுக்குள் சூடு குறைவாக இருக்கும் வரை, திறப்பது அனலை விருந்துக்கு அழைப்பதுதான்.

திரை உள்ளே இருப்பதைவிட வெளியே இருப்பது உத்தமம். கண்ணாடியைத் தாண்டி வெயில் உள்ளே வந்துவிட்டால், அந்தச் சூடு அறைக்குள்ளேதான் சுற்றும். ஆகவே மூங்கில் தட்டியோ வெட்டிவேர்த் தட்டியோ ஜன்னலுக்கு வெளியே தொங்கட்டும்.

மரங்களுக்கு நடுவே ஒரு கல்லூரி

ரயில் பாதைக்குக் கிழக்கே சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. ஜார்ஜ் டவுனிலிருந்து 1937ல் இங்கே இடம் மாறியது. 350 ஏக்கருக்கு மேற்பட்ட வளாகம். ரசாயனப் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவருடைய மனைவி ஆலிஸும் பொட்டல் மண்ணில் தேடித் தேடி மரம் நட்டார்கள். அவர்கள் கைபட்ட மரங்களும் பழைய புதர்க்காடும் சேர்ந்து இன்று ஒரு சோலையாக நிற்கின்றன. புள்ளிமான்கூட உண்டு.

சாலையில் தார் கண்ணைக் கூச வைக்கிறது. மதில் ஓரத்து மரநிழலில் வந்து நின்றால் சட்டென்று முகத்தில் வேறு காற்று. நிழல் மட்டுமல்ல காரணம். மரம் வேர் வழியே உறிஞ்சும் நீரை இலை வழியே ஆவியாக விடுகிறது. அதுவும் மண்பானை வேலைதான்! சேலையூர், செம்பாக்கம், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பீர்க்கன்காரணை என்று சங்கிலியாக இருக்கும் ஏரிகளும், 2022ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் இந்த வட்டாரத்துக்கே குளிர்சாதனங்கள். ஏரியில் வீடு முளைத்து, தோட்டத்தில் சிமெண்ட் தளம் போட்ட பிறகு காற்றைக் குறை சொல்லி என்ன பயன்?

அடுக்குமாடியில் இருப்பவர்கள் மரத்துக்கு எங்கே போவது என்பீர்கள். மேற்குப் பக்கப் பால்கனியில் கம்பியோ கயிறோ கட்டி அவரை, சங்குப்பூ, பிரண்டைக் கொடி படர விடலாம். தனி வீட்டுக்காரர்கள் மேற்கே வேம்போ புங்கனோ வைக்கலாம். புங்க நிழலைச் சொல்லி முடியாது.

கோயில் சொன்ன பாடம்

மறுநாள் மாடம்பாக்கம் தேனுபுரீஸ்வரர் கோயில். சோழர் காலக் கற்றளி. கருவறை விமானம் யானையின் பின்புறம் போல வளைந்த தூங்கானை மாடம். அழகைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். வெளிப்பிராகாரத்தில் கால் வைக்க முடியவில்லை, ஓடினோம். உள்ளே போனதும் தரை ஜில்லென்றது.

இரண்டும் ஒரே கல்தானே? சூட்சுமம் கனத்தில் இருக்கிறது. கனத்த கல் சுவரில் வெளிச்சூடு மெல்ல மெல்ல இறங்குகிறது. அது உள்ளே வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்து, வந்த வழியே திரும்பிப் போய்விடுகிறது. நம் வீட்டுக் கான்கிரீட் தளமோ ஐந்து அங்குலம். நடுப்பகலில் மேலே வெறும் சிமெண்ட் தளம் 60 டிகிரி பக்கம் கொதிக்கும். அந்தச் சூடு மூன்று நான்கு மணி நேரத்தில் கீழே இறங்கும். சாயந்திரம் ஏழு, எட்டு மணிக்குக் கூரை நம் தலைக்கு மேல் தோசைக்கல்லாகக் காய்கிறது. மின்விசிறி அந்தச் சூட்டை இறக்கித் தருகிறது. மாமியார் ஒரு மணிக்கு எழுந்து உட்கார்ந்ததன் ரகசியம் இதுதான். வெளியே காற்று குளிர்ந்த பிறகும் கூரை ஆறவில்லை.

ஆகக் கடைசி மாடிக்காரர்களுக்கு முதல் வைத்தியம் அறைக்குள் இல்லை, மொட்டை மாடியில் இருக்கிறது. தளத்தை வெள்ளை அடித்தால் வெயிலில் பெரும்பகுதி பட்டுத் தெறித்துப் போகும். அறையில் இரண்டு முதல் நாலு டிகிரி வரை குறைய வாய்ப்புண்டு. ஆமதாபாத் நகரம் 2013ல் வெப்பத்துக்கென்றே ஒரு செயல்திட்டம் வகுத்தது. பிறகு குடிசைக் கூரைகளுக்கு வெள்ளை அடிப்பதையும் அதில் சேர்த்துக்கொண்டார்கள். தெலங்கானா 2023ல் குளிர்கூரைக்கு என்றே கொள்கை அறிவித்தது. நம் தமிழ்நாட்டில் 2024ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்றே அறிவித்திருக்கிறார்கள்.

மலிவான வழி கிளிஞ்சல் சுண்ணாம்பு. நீர்த்த சுண்ணாம்பை வடிகட்டி, வெள்ளை சிமெண்டும் கொஞ்சம் பசையும் கலந்து, தளத்தைப் பெருக்கிக் கழுவி, ஈரம் இருக்கும்போதே இரண்டு கோட் அடிக்க வேண்டும். வெயில் ஏறுவதற்கு முன் அதிகாலையிலோ சாயந்திரமோ அடிப்பது நல்லது. சுட்ட சுண்ணாம்பை வீட்டில் நீர்க்க வைப்பதானால் குழந்தைகள் பக்கத்தில் வரக் கூடாது. கொதித்துத் தெறிக்கும், கண்ணுக்கு ஆபத்து. மழையில் கரையும், தூசி படியும்; ஆகையால் வருஷா வருஷம் மாசி பங்குனியில் புதுப்பிக்க வேண்டும். இதற்கென்றே விற்கும் வெள்ளைப் பூச்சு விலை கூட. சில வருஷம் உழைக்கும். வெள்ளை ஓடு பதிப்பது அதைவிடச் செலவு, அதைவிட நீடிப்பு. மழைநீர் சேகரிக்கும் வீடுகளில் முதல் மழையை வெளியே விட்டுவிடுங்கள்.

சிலர் மாடியில் தென்னங்கீற்றுப் பந்தல் போடுகிறார்கள். குளிர்ச்சிக்கு அதற்கு இணை இல்லை, உண்மை. ஆனால் 2004ல் கும்பகோணம் பள்ளிக்கூடத்தில் கீற்றுக் கூரையில் தீப்பிடித்து 94 குழந்தைகள் போனதை மறக்க முடியுமா? நெருக்கமாக வீடுகள் உள்ள இடத்தில் கீற்று வேண்டாம்.

முட்டுக்காட்டு வீடுகள்

மூன்றாம் நாள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு தட்சிணசித்ரா. 1996ல் திறந்த இடம். தென்னாட்டுப் பழைய வீடுகளைக் கழற்றி எடுத்து வந்து அப்படியே நிறுத்தியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீடு, அக்கிரகாரத்து வீடு, கேரளத்து வீடு, ஆந்திரக் கரையோரத்து வட்டமான மண் வீடு என்று ஒவ்வொன்றாக நுழைந்து வந்தோம். மின்விசிறிக்கு முந்தைய வீடுகள். ஒவ்வொன்றும் வெயிலுக்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. முற்றம் சூடான காற்றை மேலே அனுப்புகிறது. திண்ணையும் தாழ்ந்த இறவாணமும் சுவரில் வெயில் படவிடாமல் காக்கின்றன. மண் வீட்டின் கூரையோ கிட்டத்தட்டத் தரையைத் தொடுகிறது.

"இதையெல்லாம் ஃபிளாட்டுக்கு எப்படி அண்ணி கொண்டு போறது?" என்று நாத்தனார் ஏக்கமாகக் கேட்டாள். வீட்டைக் கொண்டுபோக முடியாது, யோசனையைக் கொண்டுபோகலாம். வெயில் சுவரில் படாதே, கூரையில் தங்காதே, காற்றே நிற்காதே. மூன்றே வாக்கியம்.

கணக்குப் பார்ப்போம்

சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட். தினம் பத்து மணி நேரம், இரண்டு மாதம் ஓடினால் 45 யூனிட். இப்போது வரும் பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட் அளவில்தான் இழுக்கும். அதே ஓட்டத்துக்கு 18 யூனிட். இன்வெர்ட்டர் பேட்டரியிலும் அதிக நேரம் வரும். மின்சாரம் நின்றுபோகும் ராத்திரிக்கு இது பெரிய உபகாரம்.

கூலர் 180 வாட் என்று வைத்தால், தினம் எட்டு மணி நேரத்துக்கு இரண்டு மாதத்தில் 86 யூனிட். தண்ணீர் தனி.

சக்கரம் வைத்து உருட்டும் போர்ட்டபிள் ஏ.சி. பார்க்க சௌகரியம். ஆனால் ஒற்றைக் குழாய் வைத்தது அறைக் காற்றையே இழுத்து வெளியே தள்ளும். அந்த இடத்துக்குக் கதவிடுக்கு வழியே வெளி அனல் உள்ளே வரும். சத்தமும் அதிகம். வாடகை வீட்டில் வேறு வழியே இல்லாதவர்களுக்குத்தான் அது.

ஸ்பிளிட் ஏ.சி.க்கு ஜன்னல் வேண்டாம். சுவரில் குழாய் போக ஒரு துளை போதும். ஒரு டன் இயந்திரம் முழு வேகத்தில் மணிக்குச் சுமார் ஒரு யூனிட் இழுக்கும். இன்வெர்ட்டர் வகை அறை குளிர்ந்ததும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஒரு டிகிரி உயர்த்தி வைத்தால் சுமார் ஆறு சதவீத மின்சாரம் மிச்சம் என்கிறது மத்திய எரிசக்தி சிக்கன அமைப்பு. 26, 27ல் வைத்து ஃபேனையும் மெதுவாக ஓட்டினால் 22ல் வைத்த சுகம் கிடைக்கும், போர்வையும் வேண்டாம்.

எங்கள் வீட்டில் என்ன செய்தோம்?

சங்கத்தில் பேசி, எல்லோரும் பங்கு போட்டு மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடித்தோம். மாமியார் அறைக்குப் பி.எல்.டி.சி. ஃபேன், மேற்கு ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி, சாயந்திரம் எக்ஸாஸ்ட் ஃபேன். கத்திரி பாதி போயிருந்தது. ஒரு நாள் ராத்திரி எட்டு மணிக்கு நாத்தனார் முக்காலி போட்டு ஏறிச் சீலிங்கில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். "கை வைக்க முடியுது அண்ணி!" என்று போனில் குதித்தாள். மாமியார் ஜன்னலைத் திறந்து வைத்தே தூங்குகிறார்.

ஆனாலும் அவர் அறையில் ஒரு சின்ன ஸ்பிளிட்டுக்கு வேண்டிய மின்கம்பியைத் தனியாக இழுத்து வைத்திருக்கிறோம். இதில் வீம்பு கூடாது. அறையின் வெப்பம் 40 டிகிரி தாண்டினால் ஃபேன் உடம்பைக் குளிர்விக்காது, சூட்டைத்தான் வீசும். உலக சுகாதார நிறுவனமே இதை எச்சரிக்கிறது. வயதானவர்களுக்குத் தாகம் சரியாகத் தெரியாது, வியர்ப்பதும் குறைவு. நீர் பிரியும் மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கோடைக்கு முன்பே டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. அப்படிப்பட்டவர்கள் வீட்டில் ஓர் அறையாவது குளிர்ந்திருப்பது ஆடம்பரம் அல்ல, வைத்தியம்.

மறக்காமல் இருக்க

* முதலில் கூரை, பிறகு ஜன்னல் நிழல், பிறகு நல்ல ஃபேன், கடைசியில் இயந்திரம். செலவும் இந்த வரிசையில்தான் ஏறும்.

* கடைசி மாடி இல்லாதவர்களுக்குச் சூடு மேற்குச் சுவர் வழியே வரும். பீரோவை, புத்தக அலமாரியை அந்தச் சுவரோடு வைத்துக் கட்டிலைத் தள்ளிப் போடுங்கள்.

* பகல் சமையலைக் காலை எட்டு மணிக்குள் முடியுங்கள். அடுப்புச் சூடும் வீட்டுச் சூடுதான்.

* பெரியவர்களுக்குக் கேட்காமலே மணிக்கு ஒரு டம்ளர் நீர்மோர், பானகம், கஞ்சி ஏதாவது கொடுங்கள். சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு டாக்டர் சொன்ன அளவு.

* வெயில் நாளில் பேச்சு குழறினால், ஆள் அடையாளம் தடுமாறினால், உடம்பு கொதிக்கும்போது நினைவு தப்பினால் அது வெப்பத் தாக்கு. உடனே 108க்குச் சொல்லிவிட்டு, நிழலில் படுக்க வைத்து, ஈரத் துணியால் துடைத்து விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

பங்குனி முடிவதற்குள் ஒரு நாள் சாயந்திரம் உங்கள் மொட்டை மாடிக்குப் போய், வெறுங்காலோடு ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். எங்கே ஆரம்பிக்க வேண்டும் என்று உங்கள் பாதமே சொல்லிவிடும்.